பழைய துணி பார்க்க அருங்காட்சியகம் போகிறவர்களுக்கு

பழந்துணிக் கண்காட்சி ஒன்றுக்கு முதன்முதலாகப் போனபோது, வாசலில் நின்ற காவலரிடம் "லைட் எரியலையா?" என்று கேட்டேன். ஒரு நாளைக்கு இருபது பேரிடம் அதே பதிலைச் சொல்கிறவர் போலிருந்தது. "எரியுது சார், இவ்வளவுதான்." உள்ளே போன இருபதாவது நிமிடம் வெளியே வந்துவிட்டேன். நூறு துணியாவது இருந்திருக்கும். என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

அடுத்த தடவை சித்தியோடு போனேன். காஞ்சிபுரத்தில் தறி வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அதே அறையில் அவர் நான்கே துணிகளைப் பார்த்தார், இரண்டு மணி நேரம் ஆனது. பூ, மயில், முந்தானை எதையும் முதலில் பார்க்கவில்லை. கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து ஓரத்தைத்தான் பார்த்தார். அன்றைக்கு அவரிடம் கற்றுக்கொண்டதும், அதற்குப் பிறகு நானாகத் தடுமாறித் தெரிந்துகொண்டதும்தான் கீழே இருப்பவை.

முதலில் ஒரு தறி

அருங்காட்சியகத்துக்கு முன்னால், ஓடுகிற தறி ஒன்றைப் பார்த்துவிடுங்கள். நெய்வதைக் கண்ணால் பார்க்காதவருக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் துணி வெறும் படம்தான். சென்னைக்காரர்களுக்கு இது சுலபம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குப் போகலாம். 1996இல் திறந்த இடம். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள், நெசவாளர் வீடும் அதில் உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ தெரிந்தவர் வீட்டில் தறி இருந்தால் இன்னும் நல்லது.

அங்கே நான்கைந்து சொற்களை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வாருங்கள். நீளவாட்டில் கட்டியிருக்கும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. ஊடையைச் சுமந்து போவது நாடா. உடலும் கரையும் தனித்தனி ஊடையால் நெய்யப்பட்டு, நடுவில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது கோர்வை. தொடக்கத்துக்கு இது போதும்.

எங்கே போவது

இந்தியாவில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால், அகமதாபாத் ஷாஹிபாக்கில் இருக்கும் காலிகோ துணி அருங்காட்சியகம் என்று யோசிக்காமல் சொல்வேன். 1949இல் கௌதம் சாராபாயும் அவர் தங்கை கீரா சாராபாயும் தொடங்கியது. அதற்கான யோசனையைக் கௌதமிடம் சொன்னவர், கொழும்பில் பிறந்த கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி. அவருடைய அப்பா முத்து குமாரசுவாமி ஈழத் தமிழர். நெசவு ஆலை நகரத்துக்கு ஒரு துணி அருங்காட்சியகம் வேண்டும் என்பது நம்மவர் ஒருவர் வாயிலிருந்து வந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

காலிகோவில் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. முன்பதிவு கட்டாயம். சிறு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள், வழிகாட்டி கூடவே வருவார். புதன்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும். படம் எடுக்கக் கூடாது. சின்னக் குழந்தைகளைக் கூட்டிப் போகவும் முடியாது. ஆகவே ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அருங்காட்சியக நாளை உறுதி செய்துகொள்ளுங்கள், தலைகீழாகச் செய்தால் சாபர்மதி ஆசிரமம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். குழு வேகமாக நகரும் என்பது ஒரு குறை. வழிகாட்டி பேசும்போது முன்வரிசையில் நில்லுங்கள், அவர் அடுத்த அறைக்குக் கிளம்பும்போது கடைசி ஆளாக நகருங்கள். அந்த இரண்டு நிமிடம் துணியும் நீங்களும் மட்டும்.

மதுரைப் பக்கத்தவர்களுக்கு அங்கே இன்னொரு காரணமும் இருக்கிறது. குஜராத்தின் பாந்தனித் துணிகளில் நகக்கண் அளவுக்குக் கட்டிச் சாயம் தோய்த்த புள்ளிகளைப் பார்த்தால் சுங்குடிச் சேலை ஞாபகத்துக்கு வரும். சுங்குடிக்குப் பேர்போன சௌராஷ்டிரர்களின் பூர்விகம் அந்தப் பக்கம்தானே.

லண்டனில் இருப்பவர்களுக்கு வேறு வசதி. தென் கென்சிங்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. 2025 மே மாதக் கடைசியில் கிழக்கு லண்டன் ஒலிம்பிக் பூங்காவில் அதன் கிடங்கையே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இரண்டரை லட்சம் பொருட்கள். அங்கே ஒரு சேவை இருக்கிறது: இணையத்தில் பட்டியலைப் பார்த்து, உங்களுக்கு வேண்டிய பொருளை முன்கூட்டியே கேட்டு வைத்தால், குறித்த நாளில் மேசையில் எடுத்து வைப்பார்கள். ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. ஒரு தடவைக்கு ஐந்து பொருள் வரை கேட்கலாம், இரண்டு வாரமாவது முன்னால் பதிவு செய்ய வேண்டும். துணி பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிடப் பெரிய சலுகை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. கூடங்களில் கண்ணாடிக்கு வெளியே நின்று கழுத்தை வளைக்கிற வேலை இங்கே கிடையாது.

பாரிஸ்காரர்கள் ஊரைத் தாண்டி ஜுயி-ஆன்-ஜோசா வரை போனால் துவால் த ஜுயி என்கிற அச்சுப் பருத்தித் துணிகளுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. டொராண்டோவில் துணிக்கென்றே தனி அருங்காட்சியகம் உண்டு. ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்திலும் இந்தியப் பருத்தித் துணிகளின் நல்ல தொகுப்பு இருக்கிறது. சிங்கப்பூரில் ஆசிய நாகரிக அருங்காட்சியகம்.

கிளம்புவதற்கு முந்தின வாரம்

இணையத்தில் படம் பார்த்து மயங்கி நேரே போய் நின்றால், அந்தத் துணி அங்கே இருக்காது. கல்சிலை நூறு வருடம் ஒரே இடத்தில் நிற்கும், துணி நிற்காது. சில மாதங்கள் வெளியே வைத்துவிட்டு, அப்புறம் வருடக்கணக்கில் இருட்டில் ஓய்வு கொடுப்பார்கள். ஆகவே பட்டியலில் அந்தப் பொருள் இப்போது காட்சியில் இருக்கிறதா, கிடங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய அருங்காட்சியகங்கள் இதை ஒவ்வொரு பொருளுக்கும் குறிப்பிடுகின்றன. இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்கலாம், பதில் போடுவார்கள்.

தற்காலிகக் கண்காட்சியாக இருந்தால் முதல் வாரமும் கடைசி வாரமும் வேண்டாம், கூட்டம் தாங்காது. நடுவில் ஒரு வேலை நாள், காலையில் திறந்தவுடன். காப்பாளர் கூட்டிப் போய்ச் சுற்றிக் காட்டும் நாள் ஏதாவது இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பலகையில் எழுதாததையெல்லாம் அவர்கள் வாயால் சொல்வார்கள்.

பையில் என்ன? பென்சில், சின்ன நோட்டு, ஒரு பூதக்கண்ணாடி, பக்கத்தில் இருப்பதைப் படிக்கும் கண்ணாடி, ஒரு சால்வை. பேனா வேண்டாம். கிடங்கிலோ படிப்பறையிலோ மை ஒரு சொட்டு சிந்தினால் போதும், அதனால் பென்சில் மட்டுமே அனுமதிப்பார்கள். சால்வை குளிருக்கு. மேசையில் துணி பார்க்கப் போகிறவர்கள் மோதிரம், வளையல், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், பழைய நூல் எதில் மாட்டும் என்று சொல்ல முடியாது. கைக்குப் பூசும் கிரீமும் அன்றைக்கு வேண்டாம்.

உள்ளே போனதும் முதல் ஐந்து நிமிடம்

அந்த மங்கல் விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம் என்பது அருங்காட்சியகங்களில் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. ஓர் அலுவலக மேசையில் அதைப்போல ஆறேழு மடங்காவது இருக்கும். வெளிச்சத்தால் வெளுத்த சாயம் திரும்பி வராது, நூல் இற்றுப்போவதும் அப்படித்தான். இன்று பட்ட வெளிச்சம் நேற்றுப் பட்டதோடு கூடிக்கொண்டே போகும். அதனால் ஃபிளாஷ் மட்டுமல்ல, நன்றாகத் தெரியட்டும் என்று செல்போன் டார்ச்சை அடிப்பதும் கூடாது. இதைப் படித்த பிறகும் அடிப்பவரை நான் மன்னிக்கமாட்டேன்.

வெயிலிலிருந்து வந்த கண்ணுக்குப் பழக நேரம் கொடுங்கள். முதல் பொருளிடம் உடனே போகாமல், முன்னுரைப் பலகையைப் படியுங்கள், அறையை ஒரு சுற்று சும்மா நடந்து வாருங்கள். அந்தச் சுற்றில் மூன்று அல்லது நான்கு துணிகளை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மீதியை விட்டுவிடலாம். நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்று தோன்றும், அதைக் கொஞ்சம் அடக்குங்கள்.

துணியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி

இந்த அலங்காரம் எப்போது துணிக்குள் வந்தது? நெய்வதற்கு முன்பா, நெய்யும்போதா, நெய்த பிறகா? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் எந்த நாட்டுத் துணியையும் பார்க்கத் தொடங்கலாம்.

நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயம் தோய்த்திருந்தால் உருவங்களின் விளிம்பு கொஞ்சம் கலங்கியிருக்கும், ஈரத் தாளில் மை பரவியதுபோல. குஜராத்தின் பாட்டன் ஊர்ப் பட்டோலாவில் பாவு, ஊடை இரண்டையுமே அப்படிக் கணக்குப் போட்டுத் தோய்த்திருப்பார்கள். நெய்யும்போது இரண்டு நிறமும் சரியான புள்ளியில் வந்து சேர வேண்டும். சேர்ந்ததால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல இருக்கும்.

நெய்யும்போது வந்த அலங்காரம் என்றால் நூல் மேலே எழும்பித் தெரியும், ஓரத்தில் மடங்கிய இடம் இருந்தால் பின்பக்கத்தில் நூல் தொங்குவதோ வெட்டப்பட்டிருப்பதோ தெரியும். சித்தி ஓரத்தை உற்றுப் பார்த்தது இதற்காக மட்டுமில்லை. கரை அரக்கு, உடல் பச்சை என்று ஒரு பட்டுப்புடவை இருந்தது. ஊடை ஒன்றே இரண்டிலும் ஓடியிருந்தால் கரையின் அரக்கில் பச்சை கலந்து நிறம் மங்கியிருக்கும். கோர்வையாக இருந்தால் கரை முழு அரக்காக நிற்கும், சேரும் இடத்தில் பல் பல்லாக ஒரு கோடு ஓடும். "இது கோர்வை. தறியில ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்க" என்றார். பலகையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நெய்த பிறகு வந்தது என்றால் அச்சா, கையால் வரைந்ததா? அச்சில் ஒரு தவறு இருந்தால் அதே தவறு அடுத்த பூவிலும் அதே இடத்தில் வரும், கட்டைகள் சேரும் இடத்தில் சின்ன இடைவெளியோ மேலேறலோ தெரியும். எழுதுகோலால் வரைந்ததில் இரண்டு இலை ஒன்றாக இருக்காது.

கையால் வரைந்தவற்றில் நமக்கு மிக நெருக்கமானது சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணி. பாட்டி சீட்டிப் பாவாடை என்று சொன்னாரே, அதே சீட்டிதான். லண்டனிலோ டொராண்டோவிலோ பூமரம் வரைந்த பெரிய விரிப்பைப் பார்த்தால், அதற்குப் பக்கத்தில் சோழமண்டலக் கரை என்று எழுதியிருந்தால், அங்கேயே நில்லுங்கள். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் எழுதி, சாயவேர் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து மணலும் சாயவேருக்குப் பேர்போனதுதான். நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். பச்சை என்று தனிச் சாயம் கிடையாது, நீலத்தின் மேல் மஞ்சள் பூசியதுதான் பச்சை. மஞ்சள் சீக்கிரம் வெளுத்துவிடும். அதனால் பழைய சீட்டியில் இலைகள் நீலமாக இருந்தால் வரைந்தவரின் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். அது இலைப் பச்சையாகத்தான் கப்பல் ஏறியது.

கறுப்புக் கோடுகளையும் பாருங்கள். இரும்புக் கரைசலால் வந்த கறுப்பு, நாளாவட்டத்தில் நூலையே அரித்துவிடும். பூவின் சிவப்பு அப்படியே இருக்கும், அதைச் சுற்றிய கோடு மட்டும் ஊசித் துளைகளாக உதிர்ந்திருக்கும். பூச்சி அரித்தது என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று இந்தச் சீட்டிக்குப் பயந்து பிரான்ஸ் 1686இல் தடை போட்டு 1759 வரை வைத்திருந்தது. இங்கிலாந்து 1700இல் ஒரு சட்டம், 1721இல் இன்னும் கடுமையாக ஒன்று போட்டது. பிரான்சில் தடை நீங்கிய மறு வருடமே, 1760இல், ஓபர்காம்ப் என்பவர் ஜுயியில் அச்சு ஆலை தொடங்கினார். மேலே சொன்ன பாரிஸ் பக்கத்து அருங்காட்சியகம் அந்தக் கதைதான். நெதர்லாந்தின் லேவார்டன் ஊரில் உள்ள ஃப்ரீஸ் அருங்காட்சியகத்திலோ அதே துணியை டச்சுப் பெண்கள் சட்டையாகத் தைத்துப் போட்டிருப்பதைப் பார்க்கலாம். அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் ஸிட்ஸ்.

என் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாத துணி ஒன்று உண்டு. கொடாலி கருப்பூர்ச் சேலை. தஞ்சாவூர் மராத்திய அரச குடும்பத்துக்காக நெய்தது. முதலில் பருத்தியில் சரிகை வைத்துப் பூ நெய்வார்கள். அப்புறம் அதன்மேல் மெழுகு எழுதிச் சிவப்பு, கறுப்புச் சாயம் ஏற்றுவார்கள். தங்கம் சாயத்துக்கு அடியிலிருந்து மினுங்கும், வெளிச்சம் படும் பக்கத்திலிருந்து தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். 1855இல் தஞ்சாவூர் ஆங்கிலேயர் கைக்குப் போனது, வாங்க ஆள் இல்லை, தொழில் நின்றுபோனது. எங்கே இதைக் கண்டாலும் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு இதையே பாருங்கள் என்பேன்.

உடையாகத் தைத்தவை

பொம்மை மீது மாட்டியிருக்கும் உடை கண்ணைப் பறிக்கும். பொம்மை பெரும்பாலும் பொய். உடையின் அளவுக்கு ஏற்றபடி காப்பாளர்கள் பஞ்சு வைத்துத் திணித்து உருவாக்கியது அந்த உடம்பு. அதனால் இடுப்பு எவ்வளவு சிறிது என்று வியப்பதை நிறுத்திவிட்டுத் தையலைப் பாருங்கள். மடிப்புப் பிரித்த பழைய துளைகள் தெரிகின்றனவா? பக்கத்தில் ஒட்டுத்துணி சேர்த்திருக்கிறதா? பட்டு விலை அதிகம், உடையைப் பிரித்து மகளுக்கும் பேத்திக்கும் திருத்தித் தைத்திருப்பார்கள். கைத்தையலா, இயந்திரத் தையலா என்பதும் முக்கியம், தையல் இயந்திரம் பரவியது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். நிறமும் காலம் சொல்லும். 1856இல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் கண்ணைக் கூசும் ஊதாவும் மெஜந்தாவும் துணிக்கு வந்தன.

முகலாயர் கால ஜாமா மேலங்கி இருந்தால், அதைக் கட்டும் கயிறு எந்தப் பக்கம் முடிந்திருக்கிறது என்று பாருங்கள். முஸ்லிம்கள் தங்கள் வலப்பக்கமும் இந்துக்கள் தங்கள் இடப்பக்கமும் முடிவது அன்றைய வழக்கம். ஓவியங்களிலும் இதே கணக்கு வரும்.

பலகையில் ஓர் எண் இருக்கும். அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியம். வீட்டுக்கு வந்து இணையப் பட்டியலில் அந்த எண்ணைப் போட்டால் பின்பக்கப் படம் முதல் எங்கிருந்து வந்தது என்பது வரை கிடைக்கும். விக்டோரியா ஆல்பர்ட்டில் எண்ணுக்கு முன்னால் ஐ.எஸ். என்று இருந்தால் இந்தியப் பிரிவு என்று பொருள்.

பேச்சு, பயிலரங்கு, கேள்வி நேரம்

கண்காட்சியை ஒட்டி நடக்கும் உரைகளுக்குப் போகத் தயங்காதீர்கள், நிபுணர்கள்தான் வருவார்கள் என்பது பிரமை. பாதிப் பேர் தைக்கத் தெரிந்தவர்கள், மீதிப் பேர் பாட்டியின் புடவையைப் பையில் வைத்திருப்பவர்கள். கேட்க வெட்கமாக இருந்தால் இந்த ஒன்றைக் கேளுங்கள்: "இதில் பழுது பார்த்த இடம் எது?" காப்பாளர் முகம் மலர்ந்துவிடும். அவர்கள் மாதக்கணக்கில் கண் வலிக்கப் பார்த்த வேலை அது. தொட்டுப் பார்ப்பதற்கென்று மாதிரித் துணி வைத்திருந்தால் கட்டாயம் தொடுங்கள். மற்றதைத் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பல வருடம் கழித்துக் கறையாக வெளிவரும். வீட்டுப் பெரியவர்கள் யாராவது நெசவோ தையலோ தெரிந்தவர்கள் இருந்தால், காசு கொடுத்து எடுக்கும் ஒலி வழிகாட்டியைவிட அவர்கள் மேல். நடுவில் உட்கார இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

வீடு திரும்பிய மறுநாள் பீரோவைத் திறந்து பாருங்கள். கல்யாணப் பட்டு பல வருடமாக ஒரே மடிப்பில் இருந்தால் மடிப்புக் கோட்டில்தான் முதலில் கிழியும். பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, நிழலில் சற்று விரித்து, துவைத்த பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். அதற்கு முன்னால் மடிப்பை இரண்டு விரற்கடை தள்ளி மாற்றிப் போடுங்கள். அந்துருண்டை துணியைத் தொடக் கூடாது.